ஒளியும் உள்ளடக்கமும்: நமது குறும்பட முயற்சிகள் குறித்து ஒரு கண்டனம்

ஈழத்துத் தமிழ் விமர்சன உலகில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் நீண்ட வரலாறுடையது. கலையில் எதனைச் சொல்கிறோம் என்பதே முதன்மையானது என ஒரு சாராரும், எவ்வாறு சொல்கிறோம் என்பதிலேயே கலை தங்கியுள்ளது என மற்றொரு சாராரும் பல்லாண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். அவ்விவாதத்தின் நியாயங்களை மீண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், அதன் அரைகுறையான எச்சமொன்று இன்று நமது பல்கலைக்கழகத் திரைப்பட ஆர்வலர்களிடையே சோம்பலுக்குப் போர்வையாகப் பயன்படுகின்றது. "கருத்து நன்றாக இருந்தாற் போதும்; வெளிச்சமும் நிழலும் தொழில்நுட்பக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியவை" என்பதே அது. இக்கூற்று, நாம் எக்கருத்தைச் சொல்லப் புறப்பட்டோமோ அக்கருத்தையே அழித்துவிடுகின்றது என்பதை நிறுவுதலே இங்கு எமது நோக்கமாகும்.

பிறர் குறையைக் கூறுமுன் எம் குறையைக் கூறிவிடுதல் முறை. சில காலத்துக்கு முன் நாங்கள் அறுவர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலமே அதன் களம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரும்பொருளாகிவிட்ட அந்நாள்களில், ஜாம் போத்தலினுள் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டுத் திரியேற்றிய விளக்குகளின் முன்னிருந்தே ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. எம்மில் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. பெற்றோர் சொல்லக் கேட்டவர்களே நாங்கள். ஆதலால் மிகுந்த அக்கறையுடன் செயற்பட்டோம். உரையாடலைப் பலமுறை திருத்தினோம். அக்காலத்துப் போத்தல் ஒன்றினைத் தேடிப் பெற்றோம். படப்பிடிப்பு நாளன்று, வாடகைக்கு எடுத்த இரண்டு எல். ஈ. டி. விளக்குப் பலகைகளைக் கமராவின் இருபுறமும் நிறுத்தி, முகங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பதிவுசெய்தோம்.

படத்தைக் காட்டி முடித்ததும் நண்பரொருவரின் அம்மம்மா கேட்டார்: "உவ்வளவு வெளிச்சம் இருக்கேக்கை விளக்கை ஏன் பிள்ளையள் கொளுத்தி வைச்சிருக்கிறியள்?"

மண்டபத்தில் சிரிப்பெழுந்தது. நாங்களும் சிரித்து மழுப்பினோம். ஆயின் அம்மூதாட்டி கேட்டது உள்ளடக்கம் பற்றிய கேள்வி. இருளே அக்கதையின் பொருள். இருள் இல்லாதவிடத்து அந்த விளக்கு வெறும் அலங்காரப் பண்டமாயிற்று. அதன் முன்னிருந்து படித்த பிள்ளையின் துயரம் வெறும் வசனமாயிற்று. பலமுறை திருத்திய எமது உரையாடலால் அதனை மீட்க இயலவில்லை. அந்தக் காலத்தை வாழ்ந்து கழித்த ஒருவரிடம் அவரது காலத்தையே பொய்யாக்கிக் காட்டிவிட்டோம்.

ஒரு விளக்கு கற்பித்த பாடம்

அன்றிரவே அவ்விளக்கை ஓர் இருண்ட அறையில் ஏற்றி வைத்து அதன் முன் அமர்ந்தோம். படம் எடுக்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

முதலாவதாக நாங்கள் கண்டது தூரத்தின் விளைவை. சிறியதோர் ஒளிமூலத்திலிருந்து விலகும் தூரம் இருமடங்காகுமிடத்து ஒளிச்செறிவு நான்கிலொரு பங்காகக் குறைகின்றது; மும்மடங்காகுமிடத்து ஒன்பதிலொரு பங்காகின்றது. பாடசாலையில் மனனஞ் செய்து மறந்த விதிதான். ஆயின் அவ்வறையிலேதான் அதன் சமூகப் பொருள் விளங்கிற்று. விளக்கிலிருந்து ஓரடி தள்ளியிருப்பவருக்கு எழுத்துத் தெரிகின்றது. மூன்றடி தள்ளியிருப்பவருக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒரு விளக்கு மட்டுமே இருப்பின், பரீட்சை எழுதவுள்ள பிள்ளை அருகிலும் ஏனையோர் அப்பாலும் இருந்திருப்பர். யார் அருகில் இருக்கின்றார், யார் இருளுக்குள் ஒதுங்கியிருக்கின்றார் என்பதே அக்குடும்பத்தின் கதையைச் சொல்லிவிடும். நாங்களோ ஐந்து பாத்திரங்களையும் ஒரே வெளிச்சத்தில் வரிசையாக அமர்த்தியிருந்தோம்.

இரண்டாவது, திசை. தாழ்ந்த விளக்கின் ஒளி கீழிருந்து மேலெழுகின்றது. அது நேரே முகத்திற்படுவதைவிட, விரித்து வைத்த கொப்பியின் வெள்ளைத் தாளிற்பட்டுத் தெறித்தே முகத்தை அடைகின்றது. குனிந்து படிக்கும் பிள்ளையின் முகத்துக்கு ஒளி தருவது அதன் கொப்பியே. இதனை எந்த எழுத்தாளனும் எமக்கு எழுதித் தரவில்லை, பார்த்ததனாலேயே அறிந்தோம்.

மூன்றாவது, நிறம். மண்ணெண்ணெய்ச் சுடரின் நிறவெப்பநிலை ஏறக்குறைய 1900 கெல்வின். மஞ்சளும் சிவப்பும் செறிந்தது. நாங்கள் நிறுத்திய பலகைகள் பகலொளிக்குரிய 5600 கெல்வினுக்கு அமைக்கப்பட்டிருந்தன. எளிதாகச் சொல்வதாயின், நள்ளிரவில் ஒரு வீட்டினுள் நண்பகலைக் கொண்டுவந்திருந்தோம்.

பின்னர் அக்காட்சியை மீண்டும் எடுத்தோம். வெண்சுவர்களில் ஒளி தெறிக்காதபடி கறுப்புத் துணி தொங்கவிட்டோம். போத்தலுக்குப் பின்னே, கமராவின் கண்ணுக்குப் படாதவாறு, செம்மஞ்சட் கண்ணாடித்தாள் சுற்றிய சிறு மின்குமிழ் ஒன்றை மறைத்து வைத்தோம். கொப்பித் தாள் தன் வேலையைச் செய்தது. செலவு முன்னதைவிடக் குறைவு. உரையாடலில் பாதியை வெட்டிவிட்டோம், அது தேவைப்படவில்லை.

சூத்திர வழிபாடு

ஒளியமைப்பை அலட்சியம் செய்வோர் ஒரு புறமிருக்க, அதனைக் கற்றுவிட்டதாக எண்ணுவோர் மறுபுறம் உள்ளனர். பயிற்சிப் பட்டறைகளிலும் இணையக் காணொளிகளிலும் இவர்கள் பெற்றுக்கொள்வது ஒரேயொரு மந்திரம்: முப்புள்ளி ஒளியமைப்பு. முதன்மை ஒளி ஒரு பக்கத்திலிருந்து முகத்தின் உருவத்தைச் செதுக்கும். நிரப்பொளி மறுபக்க நிழலின் கடுமையைத் தணிக்கும். பின்னொளி தலையையும் தோளையும் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். இம்மூன்றையும் நிறுத்திவிட்டால் ஒளியமைப்பு முடிந்தது என்பது இவர்தம் நம்பிக்கை.

இச்சூத்திரம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. எடிசனின் நிறுவனம் 1893 இல் நியூ ஜேர்சியில் அமைத்த ‘பிளாக் மரியா’ என்னும் படப்பிடிப்புக் கூடம், கூரை திறக்கத்தக்கதாகவும், சூரியனைப் பின்தொடர்ந்து முழுக் கட்டடமும் சுழலத்தக்கதாகவும் கட்டப்பட்டிருந்தது. அன்றைய படச்சுருளுக்கு அத்துணை ஒளி வேண்டியிருந்தது. பின்னர் மின்விளக்குகள் வலுப்பெற்றபோது படப்பிடிப்பு மூடிய கூடங்களுக்குட் சென்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறவேறுபாடு இன்மையால், கருங்கூந்தல் இருண்ட பின்னணியிற் கரைந்துவிடாதிருக்கப் பின்னொளி வேண்டப்பட்டது. நட்சத்திர நடிகரின் முகமே விற்பனைப் பண்டமானபோது, அம்முகத்தின் குறைகளை மறைக்க நிரப்பொளி வேண்டப்பட்டது. பெருந்தொகையான படங்களை விரைந்து உற்பத்தி செய்த ஹொலிவூட் ஸ்ரூடியோ முறைக்கு, எந்த முகத்துக்கும் எந்நேரத்திலும் பொருந்தக்கூடிய ஒழுங்கொன்று தேவைப்பட்டது. சூத்திரம் இவ்வாறே நிலைபெற்றது.

அதனை அறிந்து வைத்திருத்தல் நன்றே. இலக்கணம் கல்லாதவன் இலக்கணத்தை மீறவும் இயலாது. ஆயின் கேள்வியை அறியாது விடையை மட்டும் மனனஞ் செய்பவன் மாணவனாகான். ஒரே யன்னல் உள்ள குசினியில் நின்று சமைக்கும் தாயின் பின்னே, சுவர் இருக்குமிடத்திலிருந்து, பின்னொளி எவ்வாறு வந்தது? தோட்டத்து லயன் அறையினுள் மூன்று திசைகளிலிருந்தும் ஒளி வருவதற்கு எத்தனை கதவுகள் அங்கு உள்ளன? ஒளி எங்கிருந்து வருகின்றது என்னும் கேள்வி அவ்விடத்தின் வாழ்க்கை நிலை பற்றிய கேள்வியுமாகும். வறுமையைப் பற்றிப் படமெடுப்பவர், வறுமைக்கு யன்னல்கள் குறைவு என்பதை அறியாதிருக்கலாகாது.

முகமும் நிறமும்

இதனினும் பாரதூரமானது நமது முகங்களின் கதை. திரைப்படச் சுருள் நடுநிலையான விஞ்ஞானச் சாதனம் என்று நாம் நம்பி வந்துள்ளோம். நிறப்படங்களை அச்சிடும் ஆய்வுகூடங்கள் நிறச் சமநிலையைச் சரிபார்க்கப் பயன்படுத்திய மாதிரி அட்டைகளில் நெடுங்காலமாக இடம்பெற்றது வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் உருவமே. ‘ஷேர்லி அட்டை’ எனப் பெயர்பெற்ற அவ்வட்டை பற்றிக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009 இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. கபில நிறங்களைச் செவ்வனே பதியாத சுருளைத் திருத்துமாறு கொடாக் நிறுவனத்தை வற்புறுத்தியவர்களுள், மரத்தளபாட உற்பத்தியாளரும் சொக்கலேற் உற்பத்தியாளரும் இருந்தனர் என அந்நிறுவனத்தில் முன்னர் பணிபுரிந்தோரின் கூற்றுகளைக் கொண்டு அவர் எடுத்துக்காட்டுகின்றார். மனிதரின் கருமைக்குக் கிட்டாத கவனம் மேசைக்கும் இனிப்புக்கும் கிட்டிற்று என்பது வெட்கத்துக்குரிய வரலாறு.

தென்னிந்திய வணிகச் சினிமா இக்குறையை எதிர்க்கவில்லை, அதற்கு உடன்பட்டது. தடித்த ஒப்பனையாலும் முகம் நிறைந்த ஒளியாலும் நடிகரை வெளுப்பித்துக் காட்டும் வழக்கம் அங்கு வேரூன்றிற்று. அப்படங்களைப் பார்த்து வளர்ந்த நாம், கறுத்த முகம் திரையிற் "தெரியவில்லை" என்று முறைப்படும் பழக்கத்தைப் பெற்றுள்ளோம். இன்று கைத்தொலைபேசிகளில் உள்ள அழகுபடுத்தும் வசதி அதே வேலையை ஓசையின்றிச் செய்கின்றது.

முகம் தெரியாமைக்குக் காரணம் முகமா? ஒருபோதும் அன்று. கமராவின் ஒளிமானி தன் முன்னே உள்ளதனைத்தும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமுடையதெனக் கொண்டே கணக்கிடுகின்றது. வெள்ளைச் சுவரின் முன்னே கறுத்த முகமொன்றை நிறுத்திவிட்டு அளவையைக் கமராவிடமே ஒப்படைத்தால், அது சுவரின் வெண்மையைக் கட்டுப்படுத்த முனைந்து முகத்தை இருளில் தள்ளிவிடும். இதற்குரிய மருந்து முகத்தின் மீது மேலும் வெளிச்சத்தைக் கொட்டுவதன்று. நடிகரைச் சுவரிலிருந்து விலக்கி, சுவரிற் படும் ஒளியைக் குறைத்து, முகத்தை அளவையாகக் கொள்ள வேண்டும். மேலும், கருமையான சருமம் தன் வடிவத்தை மினுக்கத்தாற் காட்டுவது. அகன்ற வெண்துணியொன்றைப் பக்கவாட்டில் நிறுத்தி அதிலிருந்து ஒளியைத் தெறிக்கச் செய்தால், கன்னத்தின் மேடும் தாடையின் விளிம்பும் அத்துணியின் ஒளியை ஏந்தி எழும். கருமையைக் கருமையாகவே வைத்துக்கொண்டு அதன் அழகை வெளிக்கொணரலாம். இந்த அறிவு இல்லாமையாலேயே நமது தாய் தந்தையரின் முகங்களை நாம் வெளுப்பித்தோ இருட்டடித்தோ காட்டி வருகின்றோம். சொந்த முகத்தைப் படம்பிடிக்கத் தெரியாத ஒரு சமூகம் தன் அடையாளத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குவதிற் பயன் யாது?

‘இயற்கை ஒளி’ என்னும் மாயை

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். "யதார்த்தப் படத்துக்கு இயற்கை ஒளியே போதும், கற்கவேண்டியது யாது?" என்பர். இவர்கள் உதாரணங்காட்டும் மேதைகளின் வரலாற்றையே நோக்குவோம்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா, அப்பணியைத் தொடங்கியபோது இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர், அதற்குமுன் சினிமாக் கமராவை இயக்கியறியாதவர். அடுத்த படமாகிய ‘அபராஜிதோ’வில் (1956), காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றத்தைக் கல்கத்தா ஸ்ரூடியோவினுள் அமைக்க நேர்ந்தது. முற்றத்தில் மேலிருந்து இறங்கும் நிழலற்ற வானொளியை ஸ்ரூடியோ விளக்குகளால் உண்டாக்க இயலாதென மித்ரா ராயுடனும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவுடனும் வாதிட்டார், வாதம் பலிக்கவில்லை. எனவே அமைப்பின் மேலே வெண்துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன் மீது பாய்ச்சி, தெறித்து வரும் ஒளியையே வானமாக்கினார். நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தில் ஒரு பகற்பொழுதேனும் அமர்ந்திருந்தவர் அவ்வொளியை உடனே இனங்காண்பர். அது இயற்கையன்று, இயற்கையை உற்றறிந்தவனின் உழைப்பு.

ஸ்ரான்லி குப்ரிக்கின் ‘பரி லிண்டன்’ (1975) மெழுகுதிரி ஒளியிலேயே எடுக்கப்பட்டதெனப் பலரும் மெச்சுவர். அதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கென ஸைஸ் கம்பனி செய்த எஃப் 0.7 வில்லையைத் தேடிப் பெற்றுக் கமராவை அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுவர். மட்டக்களப்பின் அமிர்தகழியிற் பிறந்த நம்மவராகிய பாலு மகேந்திரா, இருக்கும் ஒளியைப் பயன்படுத்திய கலைஞராகப் போற்றப்படுபவர். ‘கோகிலா’ (1977), ‘மூன்றாம் பிறை’ (1982) ஆகியவற்றின் ஒளிப்பதிவுக்காக இந்தியத் தேசிய விருது பெற்றவர். அவரும் பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவை முறையாகக் கற்ற பின்னரே அவ்வெளிமையை அடைந்தார்.

நமது நாட்டின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1947 இல் வெளியான முதற் சிங்களப் பேசும் படம் தென்னிந்திய ஸ்ரூடியோவிலேயே படமாக்கப்பட்டது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ மூலம் கமராவை இந்நாட்டுக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுவந்தபோது, ஒளிப்பதிவாளராக உடன்நின்ற வில்லியம் பிளேக்கும் அவரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் அனுபவம் பெற்றவர்களாயிருந்தனர். ஸ்ரூடியோவை விட்டு வெளியேறியவர்கள் ஒளியைக் கற்றவர்களே.

நமது வெயிலையும் கற்றே ஆகவேண்டும். இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ளது. சித்திரை மாதத்தில் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கின்றது. அவ்வேளையில் வெட்டவெளியில் நிற்பவரின் கண்குழிகளிரண்டும் கருநிழலால் நிரம்பிவிடும். கண்ணற்ற முகத்தில் நடிப்பேது? அவரை விறாந்தையின் விளிம்புக்கோ வேலி நிழலுக்கோ அழைத்து வந்தால், முற்றத்து வெண்மணலே கீழிருந்து ஒளியேந்தி முகத்துக்குக் கொடுக்கும். மாலையிற் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுது இங்கு இருபது நிமிடமளவிலேயே கழிந்துவிடுகின்றது. குளிர்நாட்டு நூல்கள் விதந்தோதும் நெடிய அந்தியொளியை நம்பி இங்கு காட்சி திட்டமிடுபவர், இருளில் நின்று சண்டையிட்டுக்கொள்வதையே காண்கின்றோம்.

வசதியின்மை என்னும் சாட்டு

இறுதியாக எஞ்சுவது வசதியின்மை. நம்மிடம் விலையுயர்ந்த விளக்குகள் இல்லை என்பது உண்மை. ஆயின் அடிப்படைகளைக் கற்க அவை வேண்டியதில்லை. ஒரு மின்குமிழும் ஒரு வெண்படுக்கை விரிப்பும் ஒரு கறுப்புத் துணியும் போதும். மின்குமிழை நேரே முகத்திற் படவிடுக. நிழலின் விளிம்பு கத்தி போலிருக்கும். அதே மின்குமிழை விரிப்பின் மீது பாய்ச்சித் தெறிக்கவிடுக. நிழலின் விளிம்பு கரையும். ஒளி கடுமையாவதும் மென்மையாவதும், பொருளிலிருந்து நோக்க ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகின்றது என்பதைப் பொறுத்தது. சூரியன் எவ்வளவு பெரிதாயினும் தூரத்தால் வானில் சிறு வட்டமாதலின் அதன் நிழல் கடுமை. முகில் மூடியதும் வானம் முழுவதுமே விளக்காகி நிழல் மென்மை. கறுப்புத் துணியை முகத்தின் மறுபக்கத்தில் நிறுத்துக. ஒளியை நீக்குவதும் ஒளியமைப்பே என்பது விளங்கும். இத்தனையையும் விடுதி அறையொன்றில் ஓர் இரவில் செய்துபார்க்கலாம். செய்யாமைக்குக் காரணம் பணமன்று. கையாற் செய்யும் வேலை கீழானது, கருத்துரைப்பதே மேலானது என்னும் பழைய மனப்பான்மையே காரணம். உழைப்பாளரைப் பற்றிப் படமெடுத்துக்கொண்டே, விளக்குத் தூக்குபவரைத் தம்மினும் தாழ்ந்தவராகக் கருதுவோரின் முற்போக்கு எத்தகையது என்பதை அவர்களே சிந்திக்கட்டும்.

எனவே நமது சங்கத்திடமும் கலைப்பீட மாணவரிடமும் சிலவற்றை வேண்டுகின்றோம். திரைப்பட வட்டக் கூட்டங்களில் கதைச் சுருக்கமும் கருத்துரையும் பெறும் நேரத்திற் பாதியாவது, ஒரு காட்சியின் ஒளி எங்கிருந்து வருகின்றது என ஆராய்வதற்கு ஒதுக்கப்படல் வேண்டும். குறும்படப் போட்டிகளின் நடுவர்கள், வீட்டினுள் ஒளி வந்த வழியைச் சொல்லத் தெரியாத நெறியாளருக்குப் பரிசளிக்கலாகாது. படமெடுக்கப் புறப்படும் ஒவ்வொரு குழுவும், கமராவைத் தொடுமுன், தான் காட்டப்போகும் இடத்தில் காலை முதல் இரவு வரை ஒருநாள் அமர்ந்திருந்து ஒளியைப் பார்த்தெழுதல் வேண்டும்.

போர்க்காலத்தை நேரிற் கண்டவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டு மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் இல்லாத நாளில், நாம் எடுத்து வைத்த படங்களைப் பார்த்தே அடுத்த தலைமுறை அக்காலத்தை அறியும். ஜாம் போத்தல் விளக்கின் முன்னே பகல் வெளிச்சத்தை வைத்தால், அத்தலைமுறை பகல் வெளிச்சத்தையே நம்பும். அன்று, விளக்கை ஏன் கொளுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அந்த அம்மம்மாவும் இருக்கமாட்டார். கேட்பவர் இருக்கும்போதே கற்றுக்கொள்வோம்.